கொசுறாக வந்தது

நான் துணிக்கடைக்காரன். மீட்டருக்கு என்ன விலை சொன்னாலும் என்னிடம் பேசிக் குறைக்கலாம். ஆனால் இந்தக் கதையில் ஒரு சொல்கூடக் குறைக்க மாட்டேன். என் வீட்டுக் கூடத்தில், பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு ராத்திரியில்தான் வேலை என்று சொன்னவன் மத்தியானம் வீட்டில் இருந்ததே இல்லை போல.

கல்லூரி ஆய்வுக் கட்டுரை எழுத மகள் கம்ப்யூட்டர் கேட்டாள். கணவனை இழந்த ஒரு பெண்ணிடம் பழையது ஒன்று வாங்கினேன். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துத் தருவதாகச் சொன்னார். கொசுறு வாங்காமல் கடைப்படி இறங்கியவன் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது.

"அழிக்காதீங்கம்மா. படம், பாட்டு, ஆன்டிவைரஸ்... எல்லாம் கொசுறா இருக்கட்டும்."

"எல்லாமேவா அண்ணே?"

"எல்லாமே."

மறுபேச்சில்லாமல் கொடுத்துவிட்டார். சட்டென்று இறங்கி வருகிற ஆளை நம்பாதே என்பார் என் அப்பா. அன்று எனக்கு அலுப்பு. யோசிக்கவில்லை.

கட்டுரை முடியும் நேரம். ஒருநாள் சாயங்காலம் மகள் கடைக்குப் போன் செய்தாள்.

"அப்பா, ஸ்கேன் போட்டீங்களா? என் முதல் மூணு அத்தியாயத்தைக் காணோம்."

நான் தொடவே இல்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பார்த்தால் ஆன்டிவைரஸின் ஸ்கேன் ரிப்போர்ட் இருந்தது. மதியம் 2:10. 'ஆபத்து. பூட்டி வைக்கப்பட்டது.' அந்நேரம் வீட்டில் யாருமே இல்லை. திறக்கப் பார்த்தோம். திறக்கவில்லை.

மறுநாள் காலை பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். மத்தியானம் சாப்பிட வந்தவன் சற்றுப் படுத்தேன்.

ர்ர்ர்ர்...

கம்ப்யூட்டருக்குள் விசிறி சுற்றியது. மணி பார்த்தேன். 2:10.

பிளக் தரையில் கிடந்தது.

மாலையில் போட்டுப் பார்த்தால் புது ரிப்போர்ட். மீதிக் கட்டுரையும் பூட்டுக்குள். விடிந்தால் ஒப்படைக்க வேண்டும். வேறு நகல் இல்லை. "என் ஒரு வருஷம் போச்சுப்பா" என்று மகள் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள்.

எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். திரைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"யாரா இருந்தாலும் சரி. பொண்ணோடத விட்டுடுங்க. பதிலுக்கு என்கிட்ட என்ன வேணுமோ எடுத்துக்குங்க."

"இதுகிட்டயும் பேரமா?" என்றாள் மனைவி.

பேரமே இல்லை. விலை கேட்காமல் சம்மதித்திருந்தேன். அப்பா இருந்தால் அறைந்திருப்பார்.

ர்ர்ர்...

கட்டுரை திரும்பி வந்தது. முழுசாக. காலையில் மகள் ஒப்படைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் தொடங்கியது அசதி. கடையில் கத்தரிக்கோல்கூடக் கனத்தது. தினமும் கொஞ்சம் கூடியது. கம்ப்யூட்டர் விற்ற பெண்ணுக்குப் போன் செய்தேன்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு?"

"நோய்னு ஒண்ணும் இல்ல அண்ணே. ஒரு தடவ பசங்க போட்டோ எல்லாம் அதுல காணாமப் போச்சு. அவரு எதிர்ல உட்கார்ந்து என்னமோ பேசினாரு. எல்லாம் திரும்ப வந்துடுச்சு. அப்புறம் தினம் மத்தியானம் அசதி, அசதின்னு படுப்பாரு. ஒருநாள் எழுந்திருக்கல..."

போன் கனத்தது. மறு கைக்கு மாற்றினேன்.

"அண்ணே... நீங்களும் பேசிட்டீங்களா?"

கம்ப்யூட்டரை அன்றே பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன்.

மேசை காலி.

மணி 2:10.

ர்ர்ர்ர்...

படுத்துக்கொள்கிறேன்.