மிளகு விளையும் இடம்

பழுத்த மிளகின் சிவந்த தோலில் மெல்லிய இனிப்பு ஒன்று உண்டு. பல் சற்றே அழுந்தினால் அடுத்த கணம் நாக்கெல்லாம் நெருப்பு. கொல்லிமலையில், வாழவந்தி நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பின்னாலிருந்த எங்கள் 'கோட்ரஸ்' வீட்டு வாசலில், ஒன்பது வயதில் நான் அந்த நெருப்பை விழுங்கப் பழகினேன்.

பின்னாளில் அகராதிகளே என் பிழைப்பானபோது, அந்த மணியின் பெயர் போன வழியைத் தேடிப் படித்தேன். திப்பிலியைக் குறித்த வடமொழியின் பிப்பலி கிரேக்கத்தில் பெப்பெரி ஆகி, இலத்தீனில் பிப்பெர் என்று சுருங்கி, பிரெஞ்சில் ப்வாவ்ர், ஜெர்மனில் ஃபெஃபர் என்று ஊருக்கு ஊர் வேறு குரலில் ஒலிக்கிறது. தாங்க முடியாத விலையை டச்சுக்காரர்கள் இன்றும் 'மிளகு விலை' என்கிறார்கள்.

அம்மா செவிலியர். மேலதிகாரி ஒருவரை எதிர்த்துப் பேசியதற்காக மலைக்கு அனுப்பப்பட்டவர். வந்த நாள் முதல் மாறுதல் கேட்டு எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த வீட்டு நல்லம்மாக்கா எங்கள் வாசல் சில்வர் ஓக் மரத்தடியில் மிளகுக்கொடி நட்டபோது, "காய்க்க மூணு வருஷமா? அதுக்குள்ள நாங்க கீழே போயிடுவோம்" என்றார். "போனாப் போங்க சிஸ்டர், கொடி எங்கீங்க போவுது?" என்றார் அக்கா.

மூன்றாம் ஆண்டு மார்கழியில், மேகம் சன்னல்வழி நுழைந்து பாடப்புத்தகத்தை நனைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், மாறுதல் உத்தரவு வந்தது. கொடியில் சரங்கள் பச்சையாகத் தொங்கின. "சரத்துல ஒரு மணி செவந்துட்டாப் பறிச்சுப்போடலாமுங்க" என்றார் அக்கா. "சரி, பறிச்சுக்கிட்டே கிளம்பறோம்" என்றார் அம்மா.

எனக்கு அந்த மேகத்தை விட்டுப் போக மனமில்லை. விடியலில் எழுந்து, சிவந்த மணி ஒவ்வொன்றையும் கிள்ளி விழுங்கினேன். தை கழிந்தும் கொடி சிவக்கவில்லை. "குருவி தின்னுதோ?" என்று அம்மா கேட்க, அக்கா என் கைக்கு எட்டாத உயரத்து இலைகளை விலக்கினார். அங்கே சரம் சரமாகச் சிவப்பு.

"இந்தக் குருவிக்கு ரெக்கை இல்லீங்க, சிஸ்டர். நாக்கை நீட்டு கண்ணு!"

அம்மா என் புண்பட்ட நாக்கை நெடுநேரம் பார்த்தார். திட்டவில்லை. மறுநாள், மாறுதலை ரத்துசெய்யக் கேட்டு எழுதினார். நான் பள்ளி முடிக்கும்வரை மலையிலேயே இருந்தோம்.

கோட்ரஸ் இடிக்கப்பட்டுவிட்டது, மரமும் கொடியும் இன்று இல்லை. வேண்டாதவரை விரட்ட ஜெர்மானியர் சொல்லும் ஒரு வசவைச் சென்ற வாரம் மொழிபெயர்த்தேன்: 'மிளகு விளையும் இடத்துக்குப் போ.' கண்காணாத தொலைவுக்குத் தொலைந்துபோ என்று பொருள். சேந்தமங்கலத்தில் ஓய்வில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"இன்னொரு தரம் யாராவது என்னை அப்படித் திட்டமாட்டாங்களா, கண்ணு?" என்றார்.