சோலையப்பன் போட்ட வெள்ளைக் கோடு

சோலையப்பன் வாயில் வராத சொல் ஒன்று உண்டென்றால் அது ‘தெரியாது’. ராஸ் அல் கைமா சிமெண்ட் கம்பெனிக்கு ஆள் எடுக்கத் திருப்பத்தூர் வந்தவர்கள் வெல்டிங் தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றார். வந்திறங்கிய மூன்றாம் நாளே குட்டு வெளிப்பட்டு, மூட்டை கட்டும் பகுதிக்குத் தள்ளப்பட்டார். அப்போதும் மனிதர் திருந்தவில்லை. தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் ஏசி ஓடவில்லையா, சோலையப்பனுக்குத் தெரியும். முழுசாகப் பிரித்துப் போடுவார். திரும்பப் பூட்டத்தான் வேறு ஆள் தேட வேண்டும்.

2008 தொடக்கத்தில் அவருக்கு ஒரே நினைப்பு, லீவு. பானுமதியை ஐந்து மாதக் கர்ப்பமாக விட்டுவிட்டு விமானம் ஏறியவர். மகள் விஜிக்கு ஒன்றரை வயது தாண்டிவிட்டது. ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை தோறும் பானுமதி போனைக் குழந்தையின் காதில் வைப்பாள். அது ‘அப்பா’ என்று ஒரு சொல் சொல்லும். அதைக் கேட்டுவிட்டுத்தான் மனிதர் அடுத்த வாரத்தை ஓட்டுவார். லீவுக் காகிதம் மேனேஜர் பார்க்கரின் டிராயரில் கையெழுத்துக்காகக் கிடந்தது.

பார்க்கர் வட இங்கிலாந்துக்காரர். ரக்பி லீக் என்றால் அவருக்கு உயிர். அந்த ஆட்டம் அமீரகத்தில் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தது. நாக்குத் தள்ள அலைந்து, துபாய், அபுதாபி, ஷார்ஜா என்று மூன்று அணிகளைத் தேற்றினார். நான்காவது அவருடைய சொந்த அணி. நான்கு அணிக்கு ஒரு நாக்அவுட் கோப்பை. கோப்பை என்னவோ அரை ஆள் உயரம் இருந்தது. கேம்ப்பை ஒட்டிய மணல் திடலில் ஒரே வெள்ளிக்கிழமையில் எல்லா ஆட்டத்தையும் நடத்தி முடிப்பதாகத் திட்டம்.

“நாக்அவுட்னா என்னடா?” என்று ரூம்மேட் சுரேஷ்குமாரைக் கேட்டார் சோலையப்பன். இதைக்கூட அவர் எல்லோரும் வெளியே போன பிறகுதான் கேட்டார்.

“ஒரு மேட்ச் தோத்தாப் போதும்ணே. வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“தோத்தவனையா வீட்டுக்கு அனுப்புறாங்க?” சோலையப்பனுக்கு நம்பிக்கை வரவில்லை. “நம்ம கம்பெனியில அப்படி ஒரு ரூல் கிடையாதே!”

திடலுக்குக் கோடு போட யாருக்குத் தெரியும் என்று பார்க்கர் கேட்டபோது உயர்ந்தது யார் கை என்று சொல்ல வேண்டியதில்லை. ஊரில் கபடிக்குக் கோடு போட்ட கை அது. கபடிக்கு நாலு கோடு போதும். இந்த ஆட்டத்துக்கோ பத்து மீட்டருக்கு ஒரு கோடு குறுக்கே ஓட வேண்டும். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு “தெரியும் சார்” என்றார். நல்ல வேளை, ரக்பித் திடல் தலைகீழாகப் பார்த்தாலும் அப்படியேதான் இருக்கும்.

வியாழக்கிழமை மதியம் வரை சுண்ணாம்புப் பொடி வந்து சேரவில்லை. வேறொருவன் என்றால் மேனேஜரிடம் போய்ச் சொல்லியிருப்பான். சோலையப்பன் தன் பகுதியிலிருந்து எட்டு மூட்டை வெள்ளை சிமெண்டை இறக்கினார். வெள்ளையாக இருந்தால் போதாதா? நூல் பிடித்தாற்போல் கோடுகள் விழுந்தன. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். அத்தோடு விட்டிருக்கலாம். காற்றுக்குப் பறக்காமல் இருக்கட்டும் என்று டேங்கரைக் கூப்பிட்டுத் திடல் முழுக்கத் தண்ணீரும் தெளித்தார். இரண்டு வருடம் சிமெண்ட் கம்பெனியில் வேலை பார்த்தவர் செய்த காரியம் இது.

மறுநாள் நடுவர் திடலுக்குள் வந்து கோட்டைக் காலால் தட்டிப் பார்த்தார். ‘டொக்’ என்றது. வேறு திடல் கிடையாது, வந்தவர்கள் திரும்பிப் போகவும் மாட்டார்கள். ஆடினார்கள். இந்த ஆட்டத்தில் பந்தைக் கடைசிக் கோட்டுக்கு அப்பால் தரையில் அழுத்தினால்தான் புள்ளி. அழுத்தப் பாய்ந்தவனுக்கெல்லாம் முழங்கை முதல் மணிக்கட்டு வரை தோல் உரிந்தது. பார்க்கரின் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. நாக்அவுட் அல்லவா, உடனே வீட்டுக்குப் போனார்கள். தோற்றதற்குக் காரணம் கோடுதான் என்று பார்க்கர் கோப்பை கொடுக்கும் வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் பதின்மூன்று பேரும் தொந்தியும் தொப்பையுமாக இருந்ததை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

“லீவு கிடையாது. கோட்டையெல்லாம் பெயர்த்து எடு. அப்புறம் பேசு” என்றார்.

சோலையப்பன் அன்று சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து டூட்டி முடிந்ததும் உளியும் சுத்தியலுமாகத் திடலில் உட்கார்ந்தார். ஒவ்வொரு கோட்டையும் விஜியின் பேரைச் சொல்லித்தான் பெயர்த்தார். பாதித் திடல் தாண்டியிருப்பார். அதற்குள் துபாயில் வேறொரு ஆட்டத்தில் காற்றடித்துச் சுண்ணாம்புக் கோடு பறந்துபோய், பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா என்று அடிதடி வரை போய்விட்டது. மற்ற மூன்று அணிக்காரர்களுக்கும் உடனே ராஸ் அல் கைமா ஞாபகம் வந்தது. காற்றுக்கு அசையாத கோடு உள்ள ஒரே திடல்! அடுத்த வருடக் கோப்பையும் அங்கேதான் என்று முடிவாயிற்று.

பார்க்கர் ஓடோடி வந்தார். “நிறுத்து! லீவெல்லாம் அடுத்த கோப்பை முடிந்து பார்க்கலாம். எடுத்ததையெல்லாம் திரும்பப் போடு. தரைமட்டத்துக்குப் போடு. தெரியுமா?”

“தெரியும் சார்.”

2009 கோப்பை ஒரு சிராய்ப்பு இல்லாமல் முடிந்தது. திடலின் யோசனை முழுவதும் தன்னுடையதே என்று பார்க்கர் மேடையில் பேசினார். சோலையப்பனுக்கு ஒரு தொப்பி கிடைத்தது. தோற்றவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு பஸ் ஏறினார்கள். சோலையப்பன் அந்தத் தொப்பியோடு பார்க்கரின் அறைக்குப் போனார்.

“லீவா? நீ போய்விட்டால் திடலை யார் பார்ப்பது? அடுத்த மாதம் பக்கத்தில் ஃபுட்பால் திடல் வேறு போடப்போகிறோம். அதற்குக் கோடு தெரியும்தானே?”

சோலையப்பனுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. பிழை செய்தால் தண்டனைக்காக இருக்க வேண்டும், சரியாகச் செய்தால் தேவைக்காக இருக்க வேண்டும். முப்பத்து நாலு வயதில், முதல் முறையாக, அந்தச் சொல் வெளியே வந்தது.

“தெரியாது சார்.”

“என்ன?”

“எனக்கு ஒண்ணுமே தெரியாது சார்.”

சொல்லிவிட்டு அழுதார். பெருமை போனதற்கா, வழி பிறந்ததற்கா என்று அவருக்கே பிடிபடவில்லை. வாசலில் டீ கொண்டுவந்து நின்ற சுரேஷ்குமார் எட்டிப் பார்த்து, “எனக்குத் தெரியும் சார்!” என்றான். பார்க்கர் டிராயரைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரலில் சோலையப்பன் வீட்டு வாசலில் டாக்சியை விட்டு இறங்கினார், தலையில் அந்தத் தொப்பியோடு. பானுமதி குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். விஜியின் கையில் போன் இருந்தது.

“இது யாருன்னு சொல்லு பாப்போம்! யாரு வந்திருக்கா, தெரியுமா?”

விஜி தொப்பியைப் பார்த்தாள். மீசையைப் பார்த்தாள். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னாள்.

“தெரியாது.”

பிறகு முகத்தைத் திருப்பி, கையிலிருந்த போனைக் காதில் வைத்துக்கொண்டு ‘அப்பா’ என்றாள்.