லாரிப் பாட்டுக்கு வந்த விமர்சனங்கள்

என் சித்தப்பா ஒரு ராக் பாட்டு எழுதினார். அதை முதன்முறை கேட்டவள் நான். நாற்பதாவது முறை கேட்டவளும் நானே. பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப்பையைக் கழற்றுவதற்குள் கிடாரோடு எதிரில் உட்கார்ந்துவிடுவார். எதைப் பார்த்து எழுதினாய் என்று யார் கேட்டாலும், அரியலூர்ச் சாலையில் எங்கள் வீட்டை அதிரவைத்துப் போகும் சுண்ணாம்புக்கல் லாரி என்பார். பாட்டு முழுக்கப் புழுதி, இரைச்சல், நடுவில் "போகாதே, நில்லு" என்று ஒரு கதறல். லாரியை யாராவது நிற்கச் சொல்வார்களா? போய்த் தொலைந்தால் போதும் என்றிருந்தது எங்களுக்கு.

அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: "மாதா கோயில் திருவிழா மேடையில ஒரு தடவை பாடுடா. நாலு பேரு நல்லாருக்குன்னு சொன்னா சரி. இல்லன்னா கிடாரை எங்கிட்ட குடுத்துட்டு சிமெண்ட் ஆலை வேலைக்குப் போயிடணும்."

பாட்டின் உச்சத்தில் மணியொலி வேண்டுமாம். ஊரில் கையால் ஆட்டுகிற மணி என்றால் கோயில் பீடத்து மணிதான். அதைக் கொண்டுவந்து என் கையில் திணித்தார். மேடையில் அவர் கதறினார், நான் ஆட்டினேன். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்தும்போது கேட்கிற அதே ஓசை. கூட்டம் மொத்தமும் பூசைப் பழக்கத்தில் மணலில் முழங்காலிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டது. டிரம்ஸ் அடித்தவரும் குச்சியைக் கீழே வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகும் நாலு பேரைத் தேடும் வேலை என் தலையில்தான் விழுந்தது. "பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு பாத்துக்கிட்டே இருந்தேன், முடிஞ்சிருச்சுன்னுட்டாங்க" என்றார் கோயில் உபதேசியார். "தொண்டைக்குக் கசாயம் வெச்சுத் தரட்டுமா?" என்றாள் அத்தை. மிட்டாய்க் கடைக்காரர் ஒருவர்தான் நல்லாருக்கு என்றார். எந்தப் பாட்டு என்று பிறகுதான் கேட்டார்.

கடைசியாக, தினமும் எங்கள் வீட்டெதிரே பஸ்ஸுக்கு நிற்கும் டீச்சர். சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே, "நல்லா இல்லன்னு சொல்லு" என்றார். நான் திரும்பியதும் மறுபடி கூப்பிட்டார். "ஒரு லாரி மேல இவ்வளவு ஏக்கமான்னு கேட்டுட்டு வா."

அப்படியே போய் ஒப்பித்தேன். சித்தப்பா, அப்பா கேட்பதற்கு முன்பே கிடாரைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு கூட்டத்துக்குள் டீச்சர் நின்ற பக்கமாக நடந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

தோற்றதற்காவது ஒழுங்காக வருத்தப்படத் தெரிகிறதா இந்த மனுஷனுக்கு என்று வந்த ஆத்திரத்தில், மறுநாள் முழுக்க நான் அவரோடு பேசவில்லை.