சாணைக்கல்லுக்குக் காது கொடுப்பவர்

ழிசெல் அம்மாள் தேங்காயைக் காதோரம் பிடித்து விரல் முட்டியால் தட்டினார். கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். கூடை பாதி கலைந்தும் வாங்கியபாடில்லை. கடைக்காரர் காஜா மைதீன் பொறுமைசாலிதான், ஆனாலும் கேட்டேவிட்டார். "ஏம்மா, தேங்காய்க்கு என்ன நெஞ்சுவலியா, இப்புடித் தட்டித் தட்டிப் பாக்குறீங்க? எல்லாம் முத்துன காய்தாம்மா."

அம்மாள் சிரித்து மழுப்பிவிட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு நடந்தார். அவர் சோதித்தது தேங்காயை அல்ல, தன் காதை. சில மாதங்களாக எதைத் தட்டினாலும் மந்தமாகவே கேட்கிறது. மாதா கோயில் மணிகூடப் போர்வைக்குள்ளிருந்து அடிப்பதுபோல் இருக்கிறது. பிரான்சிலிருந்து போனில் பேசும் மகள் ஓரேலி, "டிவியக் கொறைச்சு வைங்கம்மா, நீங்க பேசுறதே கேக்கல" என்று சொன்னதிலிருந்து கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிப் பார்க்கிறார்.

வயதானால் காது மங்காதா என்று வேறொருத்தி விட்டுவிடுவாள். இந்த அம்மாளுக்கு அந்த வசதி இல்லை. கணவர் கஸ்தோன் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். 'சொல்தா வீடு', அதாவது சிப்பாய் வீடு, என்றால் தெருவில் யாரும் வழி காட்டுவார்கள். பீரங்கிச் சத்தம் அவர் காதைத் தின்றுவிட்டது. காதுக் கருவி மாட்டினால் பேச்சு கேட்கும். மெல்லிய கணீர் ஓசை கேட்காது. கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, கருக்களாச்சேரி மீனவர்களின் படகு எஞ்சின்களுக்கு லேத் என்னும் கடைசல் மெஷினில் புஷ் வளையம் கடைந்து கொடுப்பது அவருக்குப் பொழுதுபோக்கு. லேத் உளியைக் கூராக்க ஒரு சாணை மெஷினும் உண்டு. "எங்க வீட்டு கிரைண்டரு" என்று அம்மாள் அலுத்துக்கொண்டால் அக்கம்பக்கத்தார் இட்லி மாவை நினைத்துக்கொள்வார்கள். இது அந்தச் சாது அல்ல. கல்லில் விரிசல் இருந்து, ஓட்டத்தில் சிதறினால், துண்டு முகத்தில்தான் வந்து பாயும்.

ஆகவே கஸ்தோனுக்கு எல்லாவற்றிலும் பயம். பயம் என்று சொன்னால் கோபம் வரும். கவனம் என்று சொல்ல வேண்டும். கண்ணாடி போடாமல் சுவிட்சைத் தொடமாட்டார். கையுறை போடவேமாட்டார், கல் இழுத்துக்கொள்ளுமாம். ஓடவிட்டதும் கல்லுக்கு நேரே நிற்காமல் ஓரமாக ஒதுங்குவார். மனைவி காபியோடு வந்தாலும், "முந்தானையச் செருகிட்டு உள்ள வா" என்பார். புதுக் கல் என்றால் இன்னொரு சடங்கும் உண்டு. நடு ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தொங்கவிட்டு, ஸ்க்ரூடிரைவரின் மரப்பிடியால் மெல்லத் தட்ட வேண்டும். கணீரென்றால் நல்ல கல். மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். தட்டுவது கஸ்தோன், கேட்டுச் சொல்வது அம்மாள். "ழிசெல் தலையாட்டுனா நான் யோசிக்காம மாட்டுவேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடிப்பார். அந்தப் பெருமைதான் அம்மாளை வாட்டுகிறது.

போன மழைக்காலத்தில் வந்த கல்லை அம்மாள் 'வேண்டாம்' என்று ஒதுக்கினார். அடுத்ததும் அதே மந்தம். வருகிற கல்லெல்லாம் விரிசலாகவா இருக்கும் என்று கஸ்தோன் யோசித்துவிட்டால்? "இங்க குடுங்க" என்று அம்மாள் வாங்கி, சிமெண்டுத் தரையில் நழுவவிட்டார். கீழே விழுந்த கல்லை உடையாவிட்டாலும் மாட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். "கை வழுக்கிருச்சுங்க." அதற்கடுத்த கல்லுக்கும் கை வழுக்கியது. கல் போனதை விட்டுவிட்டுக் கஸ்தோன் அம்மாளின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். "நரம்பு டாக்டர்ட்ட காட்டிருவோம்." பாவம், அந்த மனுஷர் இரவெல்லாம் அந்தக் கையைப் பற்றித்தான் கவலைப்பட்டார்.

தேங்காயோடு வீடு வந்தபோது கொட்டகையில் புதுக் கல் காத்திருந்தது. மெஷின் இரைச்சல் ஆகாதென்று கஸ்தோன் கருவியைக் கழற்றி வைத்திருந்தார்.

"நீ தொட வேணாம். கேட்டுச் சொன்னாப் போதும்."

கல் அவர் விரலிலேயே தொங்கியது. தட்டினார். சற்றுத் திருப்பி மறுபடி தட்டினார். அம்மாளுக்குக் கேட்டது மங்கலான ஒரு 'டொக்'. கல்லா, காதா? தெரியவில்லை. தலையாட்டினால் இப்போதே மாட்டிவிடுவார். கஸ்தோன் புருவத்தை உயர்த்தி அம்மாளின் முகத்தையே பார்த்தார்.

அம்மாள் தலையாட்டவில்லை. தன் காதைத் தொட்டுக் காட்டி, 'சரியாக் கேக்கல' என்று விரித்த உள்ளங்கையை அவர் கண்ணுக்கு நேராக இப்படியும் அப்படியும் அசைத்தார்.