வெள்ளைச் சுடிதாரும் நிமிடத்துக்கு ஒரு சொட்டும்

போன ஞாயிறு சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, உணவு கொண்டுபோகும் தம்பி ஒருவர் மோட்டார்சைக்கிளில் என்னைக் கடந்தார். செயின் வறண்டுபோய்க் கீச்கீச்சென்று கத்தியது. எனக்குப் பல் கூசியது. என் வண்டி ஒருநாளும் அப்படிக் கத்தியதில்லை. செயினுக்குத் தானாகவே எண்ணெய் விடும் கருவி அதில் இருந்ததே!

அப்போது சுவா சூ காங்கில் வீடு, ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை. கையால் எண்ணெய் போடச் சோம்பல்பட்டுத்தான் அதை வாங்கினேன் என்ற உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். இருக்கைக்கு அடியில் சின்னக் குப்பி, அதிலிருந்து பின்பக்கப் பல்சக்கரம் வரை மெல்லிய குழாய். இஞ்சின் ஓடினால் எண்ணெய் சொட்டும். ஒரு திருகைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம். கூட வேலை பார்த்த நாசர் பாய் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன லா, வண்டிக்கு டிரிப் ஏத்துறியா? எந்த வார்டு?" என்றார். பட்டறையே சிரித்தது.

என் மனைவி கலாவின் ஊர் மலாக்கா. அவள் தங்கையின் நிச்சயதார்த்தத்துக்கு வண்டியிலேயே கிளம்பினோம். காலைக் குளிரில், கார்ப்பேட்டையில் வைத்துச் சொட்டை அளந்த மேதாவி நான். மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தில் ஒரு மணி நேரம் வெயிலில், நெரிசலில் ஊர்ந்தோம். இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது, எண்ணெயும் இளகிச் சொட்டிக்கொண்டே இருந்தது. ஜோகூர் தாண்டி வேகமெடுத்ததும் தேங்கியதெல்லாம் தெறித்து, கலாவின் புதுச் சுடிதார் முதுகு முழுக்கக் கறுப்புப் புள்ளி.

வாசலில் தங்கை, "அக்கா, ரோட்டுக்குத் தார் போட்டுட்டு வர்றியா?" என்றாள்.

கலா என் பக்கம் திரும்பினாள். "இனி உங்க பைக்ல ஏறினேன்னா என் பேரை மாத்திக்கிறேன்."

அவள் பேருந்தில் திரும்பினாள். நான் வெறும் பின்னிருக்கையோடு தனியாக வந்தேன். அவமானத்தைவிட வருத்தம்தான் அதிகம். தங்கையின் கல்யாணத்துக்கு அவளை இதே வண்டியில் கூட்டிப்போவது என்று முடிவுகட்டினேன்.

மூன்று மாதம் இருந்தது. வேலை முடிந்து வந்ததும், சூடு ஆறாத வண்டிக்கு அடியில் செய்தித்தாளை விரித்து, திருகைக் கால் சுற்று திருப்பிச் சொட்டு எண்ணுவேன். ஒருநாள் கடைக்குப் போய்விட்டு வந்த கலா நின்று பார்த்தாள்.

"நீங்க அவசரமா எண்ணுறீங்க. தள்ளுங்க."

கைபேசியில் நேரம் வைத்து அவளே எண்ணினாள். நிமிடத்துக்கு ஒரு சொட்டு. எழுந்துகொண்டே, "சரி, ஜாம்ல நின்னா?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரும் இடத்தில் திருகை இறுக்கிக் குழாயை மூட வேண்டும், நெரிசல் விட்டதும் திறக்க வேண்டும். இத்தனை நாள் இது தோன்றவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு அவள் வேண்டுமென்றே வெள்ளைச் சுடிதார் போட்டுக்கொண்டு ஏறினாள். கடற்பாலத்தில் மூன்று முறை, "மூடியாச்சா?" என்று கேட்டாள். மலாக்காவில் இறங்கியதும் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் முதுகைக் காட்டி நின்றாள். ஒரு புள்ளி இல்லை! தங்கை கைதட்டினாள். அன்று மாப்பிள்ளையைவிட நான்தான் நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன். நாசர் பாய்க்குப் படம் அனுப்பினேன். "பேஷண்ட் டிஸ்சார்ஜ்" என்று பதில் வந்தது.

"பேரை எப்ப மாத்தப் போறே?" என்று கலாவைக் கேட்டேன்.

"திரும்பி வீடு போய்ச் சேருவோம், அப்புறம் பாக்கலாம்."

இங்கே வண்டி வைத்துக்கொள்ளக் கொடுக்கும் பத்தாண்டு உரிமம் முடிந்து அந்த வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. இப்போதும் மலாக்காவுக்குப் போகிறோம், குளிரூட்டிய பேருந்தில். அவள் உடையில் தூசுகூடப் படுவதில்லை. அன்று கல்யாணம் முடிந்து வண்டியில் திரும்பும்போது கடற்பாலத்தில் ஊர்ந்த நேரமெல்லாம் கலா என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடியே வந்தாள். பேருந்தில் அவள் பாடுவதில்லை.