கொள்ளும் தேங்காய் பன்னும்

கொள்ளு வேகும் வாசனையை ஜிம்முக்குள் மோந்திருக்கிறீர்களா? சரவணம்பட்டியில் எங்கள் ஜிம்மில் அதற்கு புரோட்டீன் சூப் என்று பெயர். எங்கள் வீட்டில் அது நாய்ச்சோறு. இந்தக் கட்டடம் வருவதற்கு முன் இதே இடத்தில்தான் எங்கள் ஆட்டுப்பட்டி இருந்தது. தை பிறந்தால் ஆடுகள் அறுவடை முடிந்த காட்டுக்கு மேயப் போகும், குட்டிகளைத் தூக்கத் தெருநாய்கள் வரும், அதற்குள் காவல் நாய் மணிக்கு உடம்பு இறுகியாக வேண்டும் என்று, மார்கழிப் பனியில் அப்பா டிவிஎஸ்ஸில் முன்னே போக, மணி நாக்கைத் தொங்கப்போட்டுப் பின்னாலேயே ஓட, திரும்பி வந்தால் வெந்த கொள்ளும் கம்மஞ்சோறும் ஆவி பறக்கக் காத்திருக்கும்.

ஆனால் மணி உருண்டுகொண்டே போனது.

"இப்படியே இருந்தா ஏதாச்சும் மில்லு வாசல்ல கட்டிப்போடக் குடுத்துப்போடறேன்" என்றார் அப்பா. தினமும் டீயோடு தின்னும் என் வர்க்கி பிஸ்கட்டில் பாதியை அதற்குத் தள்ளிவிட்டது நான்தானே.

ஒருநாள் வண்டியில் நானும் தொற்றிக்கொண்டேன். பேக்கரி வந்ததும் மணி தானாகவே போய் உட்கார்ந்தது. கடைக்கார அண்ணன் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, மணிக்கு வழக்கம்போல தேங்காய் பன்னுங்களா?" என்றார்.

அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அம்மாகிட்டச் சொல்லிப்போடாத அம்மணி."

"நானும் வர்க்கி போடறேனுங்கப்பா."

சிரித்த சிரிப்பில் வண்டியே ஆடியது. அன்றோடு ரெண்டு பேரும் நிறுத்திவிட்டோம். தையில் மணி ஆடுகளைச் சுற்றிச் சுற்றி ஓடியது, மில்லுக்குப் போகவில்லை.

இப்போது ஜிம்மில் சூப்பைக் குடித்துவிட்டு அதே பேக்கரி வாசலில் நிற்கிறேன். தேங்காய் பன் தீர்ந்துவிட்டதாம்.