பிளவுஸ் முதுகில் நாற்பது தையல்

மடிகணினி மேசையில் திறந்தபடி இருக்கிறது. நான் அதன் முன்னால் இருப்பதாக வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காலையிலிருந்து மூன்று தரம் தேநீர் போட்டாயிற்று. கேற்றடிக்குப் போய், இன்றைக்கு வரப்போகாத தபாற்காரரை எட்டிப் பார்த்தாயிற்று. கொடியில் கிடந்த ஈர உடுப்பைத் திருப்பிப் போட்டு, அது பிடிக்காமல் பழையபடியே மாற்றியும் போட்டாயிற்று. மாலை ஐந்து மணிக்குள் எண்பது பேரில் எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்து அனுப்ப வேண்டும். கொழும்பில் நடக்க இருக்கும் ஆடைக் காட்சியில் எந்தெந்தப் புதிய வடிவமைப்பாளரின் உடுப்புகள் மேடையேறும் என்று முடிவுசெய்கிற மூன்று பேரில் நானும் ஒருத்தி. காலம் போகிற போக்கைப் பாருங்கள்.

எண்பது பேருக்கும் பெயர் இல்லை, இலக்கம் மட்டும்தான். பாரபட்சம் வரக்கூடாதாம். ஓர் இலக்கத்தைத் தொட்டால் ஆறு படம், ஒரு நிமிட வீடியோ, ஒரு பந்தி எழுத்து. பார்த்துவிட்டுப் புள்ளி போட வேண்டும். முப்பத்தேழாம் இலக்கத்தின் நாலாவது படத்தில் ஒரு பெண் பக்கவாட்டாக நிற்கிறாள். அவளுடைய முதுகுப் பக்கத்தில், கொடியில் உடுப்புக் காயப்போடும் கிளிப் ஒன்றின் நுனி தெரிகிறது. உடுப்புப் பெரிது, பிள்ளை மெலிவு. பின்னால் இறுக்கிப் படம் எடுத்திருக்கிறார்கள். எங்கள் தொழிலில் இது பெரிய களவு ஒன்றுமில்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் அதைக் கண்ட பிறகு என்னால் கதிரையில் இருக்க முடியவில்லை.

எங்களைத் தெரிந்தெடுத்த காலத்தில் கிளிப் வைத்துத் தப்ப முடியாது. முதுகைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

போர் முடிந்து, யாழ்ப்பாணத்துக்கு ரயில் திரும்பவும் ஓடத் தொடங்கிய நாட்கள் அவை. வடக்கிலிருந்து ஒரு வடிவமைப்பாளரைக் கொழும்பு மேடைக்கு எடுக்கப் போகிறோம் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. ஒரே ஒருவர். படிவமும் படங்களும் தபாலில் அனுப்பினேன். மறுமொழிக் கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. தமிழிலேயே படித்துப் பட்டம் எடுத்த எனக்குத் தெரிந்த ஆங்கிலம் துணிக் கட்டின் மேல் அச்சடித்திருப்பதை வாசிக்கப் போதும், அவ்வளவுதான். வங்கியில் வேலை செய்த ஒரு வாடிக்கையாளர் அக்காதான் வாசித்துச் சொன்னார். ஆறு உடுப்பு, ஆறுக்கும் வரைபடம், போட்டு நடப்பதற்கு ஆட்கள். சனிக்கிழமை காலை, யாழ்ப்பாண நகரில் ஒரு விடுதி மண்டபம்.

அதே கிழமை அரசாங்கத்திலிருந்து எனக்கு இன்னொரு கடிதமும் வந்திருந்தது. பட்டதாரி நியமனம். திங்கட்கிழமை பொறுப்பேற்க வேண்டும். சாவகச்சேரியில் எங்கள் தெருவில் அந்தக் கடிதத்துக்காக ஏங்காத வீடு இல்லை. நானோ அதை அரிசிப் பானைக்குக் கீழே வைத்தேன். அப்பா கண்டுபிடித்துவிட்டார்.

“உது என்ன கண்டறியாத போட்டி?” என்றார். பிறகு கடிதத்தை மடித்து என் கையில் தந்து, “சரி. சனிக்கிழமை எடுபட்டால் தை. எடுபடாட்டில் திங்கக்கிழமை கந்தோரிலை போய்க் கையெழுத்து வை. அதுக்குப் பிறகு ஒரு கதையும் கதைக்கக்கூடாது” என்றார்.

அரசாங்க வேலையைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் எனக்கு ஓரிடத்தில் இருக்க வராது. தையல் மெசினில்கூடப் பத்து நிமிடத்துக்கொரு தரம் எழும்பித் துணியைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பேன். முப்பது வருடம் ஒரே கதிரையில் எப்படி இருப்பது?

ஆறு உடுப்பு என்பது சின்ன விஷயமாகத் தெரியும். யோசித்துப் பாருங்கள், தையல்காரியிடம் ஏது உடுப்பு? தைத்ததெல்லாம் மற்றவர்களின் அலுமாரிக்குள் இருக்கிறது. சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதல் வீட்டிலேயே தடை. மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு நான் தைத்த நீலச் சட்டையைத் தாய் மடியில் வைத்துக்கொண்டு, “வேறை ஆரும் போட்டால் கண்ணூறு பிள்ளை. வேணுமெண்டால் என்ரை பிள்ளையே போட்டுக்கொண்டு நடக்கட்டும்” என்றார். அவர் அப்படிச் சொன்னது எப்படியோ மற்ற வீடுகளுக்கும் போய்விட்டது. கடைசியில் உடுப்புகளோடு உடுப்புக்காரர்களும் வருவதாக முடிந்தது. அவர்களுடைய தாய்மாரும்.

ஆறாவது, ஒரு கலியாணக் கூறைக்குத் தைத்த பிளவுஸ். மரூன் பட்டு, முதுகு முழுக்கக் கைவேலை. நான் தைத்ததில் அதுதான் சிறந்தது. சனிக்கிழமை காலை நாங்கள் வாடகைக்குப் பிடித்த வான் அந்தப் புதுப்பெண்ணின் வீட்டு வாசலில் நின்றது. அவள் வெளிக்கிடாமல் வீட்டுச் சட்டையோடு ஓடிவந்து, வான் யன்னலால் பையை உள்ளே தந்தாள்.

“மாமி விடுறா இல்லை அக்கா. ஆரும் போட்டாலும் பறவாயில்லை. உதுக்கு மட்டும் ஒண்டும் ஆகக்கூடாது.”

ஒன்றும் ஆகாது என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன்.

வானுக்குள் பூச்சி உருண்டை மணமும் இடியப்பப் பார்சலின் சம்பல் மணமும் கலந்து அடித்தன. இன்றைக்கும் பழைய அலுமாரி ஒன்றைத் திறந்தால் எனக்குச் சம்பல் நினைவு வருகிறது. மண்டபத்துக்குள் போனால் குளிரூட்டி நடுக்குகிறது. எங்கு பார்த்தாலும் உயரமான, ஒரே அளவான பெண்பிள்ளைகள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. என்னோடு வந்ததோ நீலச் சட்டைக்காரியான பதின்மூன்று வயதுப் பிள்ளை, வங்கி அக்கா, தெல்லிப்பழையிலிருந்து வந்த ஒரு கணக்கு ரீச்சர் என்று கல்யாணவீட்டுக்கு வந்த ஆட்களைப்போல ஒரு கூட்டம். திரும்பிப் போய்விடலாமா என்று இருந்தது.

வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவள் சுகந்தி. பருத்தித்துறை. கடற்றொழில் செய்கிற குடும்பம். ஓர் ஆடைத் தொழிற்சாலையில் வேலை. நாள் முழுக்கக் கொலர் மட்டும் தைப்பாளாம். “ஒரு சேட்டுக் கூட நான் முழுசாத் தைச்சதில்லை” என்று சிரித்தாள். கழித்து எறிந்த கொலர்களைச் சேர்த்து, வரிசை வரிசையாக அடுக்கி, நிலம் தொடுகிற பாவாடை ஒன்று தைத்துக் கொண்டுவந்திருந்தாள். பையைத் திறந்து காட்டியபோது எனக்குக் கை கூசியது. அது என்னுடைய ஆறையும் சேர்த்து வைத்தாலும் அதைவிட நல்லது. இதை இன்றைக்குப் பெருந்தன்மையாகச் சொல்லவில்லை, அந்த நிமிடமே எனக்குத் தெரிந்தது. அவளுடைய ஆறையும் போட்டு நடப்பதற்கு ஒரே ஆள், அவளுடைய தங்கச்சி.

என்னோடு வந்த ஐந்து பேரும் தங்கள் தங்கள் உடுப்பில் நிற்க, கூறைப் பிளவுஸுக்கு ஆள் இல்லை என்று சொன்னதும் சுகந்தி யோசிக்கவே இல்லை.

“என்ரை தங்கச்சி போடட்டும். உமக்குப் பிறகுதானே எங்கடை முறை, நேரம் கிடக்கு.”

நான் ஏழாம் இலக்கம், அவள் எட்டு. இலக்கத்தை மூன்று தரம் கூப்பிடுவார்கள், நீதிமன்றத்தில் வழக்குக் கூப்பிடுகிற மாதிரி. மூன்றாம் தரமும் வராவிட்டால் எல்லோருக்கும் பின்னால் தள்ளிவிடுவார்கள். அதை வாசலிலேயே சொல்லியிருந்தார்கள்.

தங்கச்சி நல்ல மெலிவு. பிளவுஸ் அவள் மேல் தொங்கியது. உடுப்பு மாற்றும் மறைப்புக்குப் பின்னால் அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகுத் திறப்பின் இரண்டு விளிம்பையும் ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி, உடம்போடு வைத்துக் கையால் தைத்தேன். நாலு பெரிய தையல் போதும், நடந்துவிட்டு வரும்வரை நின்றால் சரி. ஆனால் முதுகைப் பார்ப்பார்களே. என் தொழிலுக்கே உரிய தலைக்கனம் விடவில்லை. அரிசி மணியளவில், பட்டின் நிறத்திலேயே நூல் எடுத்து, நாற்பது தையல் போட்டேன். எங்கே பட்டு முடிகிறது, எங்கே நூல் தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. பெருமையாக இருந்தது.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் நடக்கிற பிள்ளைகளின் காலை மட்டும் பார்த்தார். ஒருவர் எல்லோரிடமும் “இதை யார் வாங்குவார்கள்?” என்று கேட்டார். நடுவில் கைத்தறிச் சேலை உடுத்த ஓர் அம்மா இருந்தார். அவர் எழும்பிவந்து ஒவ்வோர் உடுப்பின் கரையையும் புரட்டி, விரலால் தேய்த்துப் பார்த்தார். என் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, “உங்கள் பெண்கள் ஒருவருக்கும் ஏன் பாதம் இல்லை?” என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார். எனக்குப் பாதம் வரைய வராது. “எங்கடை பக்கம் புழுதி கூட அம்மா, கால் தெரியாது” என்றேன். காலைப் பார்க்கிறவர்கூடச் சிரித்தார். கணக்கு ரீச்சர் வகுப்புக்குள் வருகிற மாதிரி நடந்தார். பதின்மூன்று வயதுக்காரி தாயைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். உடுப்பு அவரவருக்குப் பொருந்தி இருந்தது, அதை மட்டும் சொல்லலாம். கடைசியாகத் தங்கச்சி. அம்மா அவளைத் திருப்பி நிறுத்தி, முதுகில் விரலை மேலிருந்து கீழே ஓட்டினார்.

“இது எப்போது தைத்தது?”

“இப்ப அம்மா. உந்த மறைப்புக்குப் பின்னாலை வைச்சு.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏதோ எழுதினார்.

மறைப்புக்குப் பின்னால் வந்து சேரவும் “எட்டாம் இலக்கம்” என்று கூப்பிடவும் சரியாக இருந்தது. நூலைத் தேடுகிறேன், காணவில்லை. குண்டூசியால் முதல் தையலைக் கிளப்பவே அவ்வளவு நேரம் போயிற்று.

“பிளேட்டாலை ஒரு இழுவை இழும், போயிடும்” என்றாள் சுகந்தி.

“ஏலாது. பட்டு வெட்டுப்பட்டால் நான் என்ன சொல்லுறது? கொஞ்சம் பொறும்.”

“எட்டாம் இலக்கம்!”

சுகந்தி கைத்தொலைபேசியை எடுத்து, என் கைக்கு வெளிச்சம் பிடித்தாள். தங்கச்சி அழுதாள். நான் ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். பிளேட் என் பையில்தான் கிடந்தது. எடுத்திருக்கலாம். என் கை நல்ல கை, பட்டில் பட்டிருக்காது என்றுதான் இன்றைக்கு நினைக்கிறேன். இருபதோ இருபத்தொன்றோ பிரித்தபோது மூன்றாம் தரமும் கூப்பிட்டு, ஒன்பதாம் இலக்கத்துக்குப் போய்விட்டார்கள்.

இருபத்திரண்டு பேருக்கும் கடைசியில் சுகந்தியின் முறை வந்தது. நடுவர்கள் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொலர்ப் பாவாடை வந்தபோது அந்த அம்மா பைல்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்தான். ஆனால் எழும்பி வரவில்லை. புரட்டிப் பார்க்கவில்லை. நான் சுவரோரம் நின்றேன். போய், “அம்மா, அவள் பிந்தினது என்னாலை” என்று சொல்ல எட்டு அடி தூரம்கூட இல்லை. திங்கட்கிழமை கண்முன்னால் நின்றது. பிளவுஸை மடிப்பதுபோல மடித்து, விரித்து, திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன்.

முடிவை எல்லோரையும் இருத்தி வைத்துத்தான் வாசித்தார்கள். ஏழாம் இலக்கம். ஓர் உடுப்பை இன்னொருத்தியின் உடம்பில் வைத்துச் சில நிமிடத்தில் இப்படித் தைக்கிற கையைத் தாங்கள் வேறெங்கும் காணவில்லை என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். என் வாடிக்கையாளர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். யாரோ விசிலடித்தார்கள், கணக்கு ரீச்சராக இருக்கலாம்.

மண்டபத்துக்கு ஒரு வாசல்தான். மற்ற இருபத்தொரு பேரையும் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். சுகந்தி வாசலடியில் கொலர்ப் பாவாடையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தங்கச்சி. சட்டைக் கழுத்துக்கு மேலே அவளுடைய முதுகில் என் ஊசி கீறிய சிவப்புக் கோடு தெரிந்தது. சுகந்தி என்னைக் கண்டதும் கையைப் பிடித்தாள்.

“உம்மடை பிளவுஸுக்கு ஒண்டும் ஆகேல்லைத்தானே?”

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னேன். பிறகு வானில் ஏறிவிட்டேன்.

திங்கட்கிழமை நான் கந்தோருக்குப் போகவில்லை. கொழும்பு மேடையைப் பற்றிக் கேட்டால், புதுச் செருப்புக் கடித்தது ஒன்றுதான் தெளிவாக நினைவிருக்கிறது. பிறகு கடை போட்டேன், பெயர் வந்தது. இரண்டு தரம் பருத்தித்துறைக்கு பஸ் ஏறினேன். முதல் தரம் பஸ் நிலையத்திலேயே ஒரு சோடா குடித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இரண்டாம் தரம், இரண்டு வருடம் கழித்து, அவளுடைய வீட்டு ஒழுங்கைச் சந்தி வரைக்கும் போனேன். “அவையள் குடும்பத்தோடை பிரான்சுக்குப் போட்டினம்” என்றார் சந்திக் கடைக்காரர். அங்கே தைக்கிறாளா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது, ஏன் என்னைத் திட்டாமல் போனாள் என்று. வெட்கம்தான் அப்படிக் கோபமாக வரும்போலிருக்கிறது.

இப்போது மண்டபம் இல்லை, வரிசை இல்லை, மூன்று தரம் கூப்பிடுகிற குரல் இல்லை. எடுபடுகிற எட்டுப் பேருக்கு மின்னஞ்சல் போகும். மற்றவர்களுக்கு ஒன்றும் போகாது. யார் யாருக்குப் பின்னால் நின்றார்கள், யார் யாருக்கு வெளிச்சம் பிடித்தார்கள் என்று ஒருவருக்கும் தெரிய வழியில்லை. பதினைந்து பேரைக் கழித்துவிட்டேன். அதில் ஒரு முகமும் நினைவில் இல்லை, படத்தில் நிற்பவர்கள் தைத்தவர்கள் அல்லவே.

நாலரை மணிக்குக் கொழும்பிலிருந்து ஒழுங்கமைப்பாளர் பிள்ளை தொலைபேசி எடுத்தாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைதான், நல்ல கெட்டிக்காரி. அவளிடம் கேட்டேன், முப்பது பேரையாவது ஒரு மண்டபத்துக்குக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் வைத்துத் தெரிந்தெடுக்க முடியாதா என்று.

“ஐயோ அக்கா, பாவம் எல்லே? எடுபடாத ஆக்கள் எல்லாருக்கும் முன்னாலை எவ்வளவு கவலைப்படுவினம்.”

மற்றவர்களைத் தாண்டித்தான் வெளியே போகட்டும் என்று, எடுபடுகிறவர்களுக்காகத்தான் நான் கேட்டேன்.